வாக்குச்சாவடிக்கு முந்தைய முடிவு: மாற்றுத்திறனாளிப் பெண்களும் கட்சிக் கொள்கை ஒப்பீடும் – செங்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

மாற்றுத்திறனாளிகளின் தேர்தல் பங்கேற்பு குறித்த இந்திய உரையாடல் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வாக்குச்சாவடியின் வாசலைச் சுற்றியே வளர்ந்து வந்திருக்கிறது. சாய்தளம், சக்கர நாற்காலி, வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெய்ல் எண்கள், வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி என ஒவ்வொன்றும் போராட்டங்களாலும் நீதிமன்ற ஆணைகளாலும் வந்து சேர்ந்தவை. அவற்றின் மதிப்பைக் குறைத்துப் பேச இடமில்லை. எனினும் இவை யாவும், யாருக்கு வாக்களிப்பது என்பதை வாக்காளர் முன்னமே முடிவு செய்துவிட்டார் என்ற அனுமானத்தின் மேல் நிற்கின்றன. போட்டியிடும் கட்சிகள் தம் வாழ்க்கையைத் தொடும் பொருள்களில் என்ன சொல்கின்றன என்பதை அறிந்து, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து அந்த முடிவுக்கு வரும் வாய்ப்பு ஒரு மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு உண்டா என்ற கேள்வி இன்னும் போதிய கவனம் பெறவில்லை.

அந்த வாய்ப்பை உருவாக்குவது நலத்திட்டச் சலுகை என்ற வகையில் அடங்காது என்பதும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தேர்தல் அமைப்புகள் மீது சுமத்திய கடமையின் நிறைவேறாத பாதி அது என்பதும் இக்கட்டுரையின் வாதம். அதோடு, அவ்வொப்பீடு கட்சிகளைத் தரவரிசைப்படுத்தும் மதிப்பெண் பட்டியலாக அமையாமல், பெண்களே எழுப்பிய கேள்விகளுக்குக் கட்சிகளின் சொந்தச் சொற்களை எதிரெதிரே நிறுத்தும் அட்டவணையாக அமைய வேண்டும் என்பதும் இங்கே நிறுவப்படுகிறது. தென்காசி மாவட்டத்தின் செங்கோட்டை வட்டாரம் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

வட்டாரமும் அதன் தேர்தல் களமும்

செங்கோட்டையின் வாக்குரிமை வரலாறு தமிழகத்தின் பிற ஊர்களின் வரலாற்றிலிருந்து சற்றே வேறுபட்டது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த இவ்வூர், 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சமஸ்தானம் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்து நடத்திய தேர்தலில் பங்கேற்றது. சென்னை மாகாணத்தின் பெண்கள் அத்தகைய வாக்குரிமையுடன் சட்டமன்றத் தேர்தலைக் காண அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின. அத்தேர்தலில் தமிழ் பேசும் பகுதிகளின் முன் நின்ற பெருங்கேள்வி, அப்பகுதிகள் எந்த நிர்வாகத்தின் கீழ் இருக்க வேண்டும் என்பது. கேள்வி ஒன்றாகவும் தெளிவாகவும் இருந்ததால், எழுத்தறியாத வாக்காளரும் கட்சிகளின் நிலைப்பாட்டைப் பிரித்தறிய முடிந்தது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டத்தின் பகுதியாயிற்று.

இன்றைய தேர்தல் களம் அத்தகைய எளிமை உடையதன்று. செங்கோட்டை நகராட்சி கடையநல்லூர் சட்டமன்றத் தொகுதியிலும், அத்தொகுதி தென்காசி (தனி) மக்களவைத் தொகுதியிலும் அடங்கும். தமிழ்நாட்டின் கூட்டணி அரசியல், தேர்தல் அறிக்கைக்கும் இயந்திரத்தில் காணும் சின்னத்துக்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்குகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் 505 வாக்குறுதிகள் கொண்ட அறிக்கையை வெளியிட்டது. ஆயினும் கடையநல்லூர்த் தொகுதி கூட்டணியில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்குக்கு ஒதுக்கப்பட்டதால், அவ்வறிக்கையை ஏற்ற செங்கோட்டை வாக்காளர் உதயசூரியனைத் தேடாமல் ஏணிச் சின்னத்தை அழுத்த வேண்டியிருந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் தென்காசியில் புதிய தமிழகம் கட்சியின் தலைவர் இரட்டை இலைச் சின்னத்திலும், தமிழக மக்கள் முன்னேற்றக் கழகத்தின் தலைவர் தாமரைச் சின்னத்திலும் போட்டியிட்டனர். வேட்பாளரின் கட்சி ஒன்று, சின்னம் இன்னொன்று, நிறைவேற்றும் பொறுப்புள்ள அறிக்கை எதுவென்பது மூன்றாவது கேள்வி என்னும் நிலையில், செய்தித்தாளும் தொலைக்காட்சியும் தடையின்றிக் கிடைக்கும் வாக்காளரே தடுமாறுவர். அவை முழுமையாக எட்டாதவருக்கு இச்சிக்கல் பன்மடங்காகும்.

அவ்வாறு எட்டாதவர் தொகை சிறிதன்று. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 இலட்சம் மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தது, அவர்களுள் 5.2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள். அகில இந்திய அளவில் மாற்றுத்திறனாளி ஆண்களில் 62 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றிருக்க, பெண்களில் அது 45 விழுக்காடாகவே இருந்தது. அக்கணக்கெடுப்பு ஏழு வகைக் குறைபாடுகளையும் பிறவற்றையும் மட்டுமே கேட்டறிந்தது என்பதையும், 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உண்மையான தொகை இதனினும் கூடுதலாகவே இருக்கும்.

சட்டம் வகுத்த கடமையின் இரு பாதிகள்

வாக்குச்சாவடி வசதிகளின் தொடக்கம் 2004ஆம் ஆண்டு. ஜாவேத் அபிதி முன்னின்று நடத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு உச்ச நீதிமன்றத்தை அணுகியதைத் தொடர்ந்து, வாக்குச்சாவடிகளில் சாய்தளம் அமைக்கவும் இயந்திரங்களில் பிரெய்ல் எண்கள் பொறிக்கவும் வழி பிறந்தது. 2007இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை, தன் 29ஆம் உறுப்பில் அரசியல் வாழ்வில் முழுமையாகப் பங்கேற்கும் உரிமையையும், 6ஆம் உறுப்பில் மாற்றுத்திறனாளிப் பெண்கள் பன்முகப் பாகுபாட்டுக்கு ஆளாகின்றனர் என்ற ஏற்பையும் பதிவு செய்தது. இவற்றின் வழிவந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கும் மாநிலத் தேர்தல் ஆணையங்களுக்கும் இரு கடமைகளை விதிக்கிறது. வாக்குச்சாவடிகள் அனைத்தும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்பது முதற்கடமை. தேர்தல் நடைமுறை தொடர்பான எல்லா ஆவணங்களும் அவர்கள் எளிதில் புரிந்துகொள்ளத்தக்கனவாகவும் அணுகத்தக்கனவாகவும் இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. முதற்கடமை மரத்தாலும் சிமெண்டாலும் நிறைவேறுவது. இரண்டாவது மொழியாலும் வடிவத்தாலும் நிறைவேற வேண்டியது. பிரெய்ல் வாக்காளர் சீட்டும், சாவடி வசதிகளைக் கோருவதற்கான சக்ஷம் செயலியும் இரண்டாம் கடமையின் பக்கம் எடுத்துவைத்த அடிகள். என்றாலும் அவை வாக்களிக்கும் முறையையே விளக்குகின்றன. 2009 முதல் நடைபெறும் முறைசார்ந்த வாக்காளர் கல்வித் திட்டமும் வாக்களிக்க வருமாறு அழைப்பதோடு நிற்கிறது. கட்சிகள் சொல்வது என்ன என்ற எல்லையை அது கடப்பதில்லை.

இங்கே ஒரு சட்டக் கேள்வி எழுகிறது: கட்சியின் தேர்தல் அறிக்கை 11ஆம் பிரிவு குறிக்கும் ‘தேர்தல் நடைமுறை தொடர்பான ஆவணம்’ ஆகுமா? கட்சி ஒரு தனியார் சங்கம், அதன் அறிக்கை அதன் சொந்த வெளியீடு என்று குறுக்கிப் பொருள் கொள்ள முடியும். ஆனால் தமிழ்நாட்டின் இலவச வண்ணத் தொலைக்காட்சி முதலிய வாக்குறுதிகளை எதிர்த்த வழக்கில், 2013 ஜூலை 5 அன்று அளித்த சுப்பிரமணியம் பாலாஜி தீர்ப்பில், தேர்தல் அறிக்கையின் நோக்கம் தேர்தல் நடைமுறையோடு நேரடித் தொடர்புடையது என்று உச்ச நீதிமன்றம் கருதி, அதற்கென நெறிமுறை வகுக்குமாறு ஆணையத்தைப் பணித்தது. அதன்படி 2014இல் மாதிரி நடத்தை விதிகளில் தேர்தல் அறிக்கை பற்றிய தனிப் பகுதி சேர்ந்தது; வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்கு நிதி திரட்டும் வழியையும் அறிக்கை பரவலாகவேனும் சுட்ட வேண்டும் என்பது அதன் சாரம். நிதி நோக்கில் தேர்தல் நடைமுறையின் பகுதியாக ஏற்கப்பட்ட ஆவணம், அணுகல் நோக்கில் மட்டும் அதற்குப் புறம்பானது என்று கொள்வதற்கு நியாயம் இல்லை.

வாக்காளரின் அறியும் உரிமை குறித்த தீர்ப்புகளும் இதற்குத் துணை நிற்கின்றன. வேட்பாளரின் குற்றப் பின்னணி, சொத்து, கல்வி ஆகியவற்றை அறிவது கருத்துரிமையின் பகுதி என்று 2002இலும் 2003இலும் உச்ச நீதிமன்றம் நிறுவியதன் பயனே இன்று ஒவ்வொரு வேட்பாளரும் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம். வேட்பாளரைப் பற்றி அறியும் உரிமை வாக்காளர் அனைவருக்கும் உண்டெனில், அந்த அறிவு எந்த வடிவத்தில் வந்து சேர்கிறது என்பதும் உரிமையின் உள்ளடக்கமே ஆகும்.

ஆணையமும் இதை அறியாமல் இல்லை. 2023 டிசம்பரில் அது கட்சிகளுக்கு அனுப்பிய அறிவுரை, மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் பேச்சைத் தவிர்க்குமாறு சொன்னதோடு, கட்சிகளின் இணையதளங்களும் சமூக ஊடக உள்ளடக்கமும் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்றும் குறிப்பிட்டது. ஆயினும் அது அறிவுரை மட்டுமே. சட்டம் கட்டாயம் என்று சொன்ன இடத்தில் விதிகள் பரிந்துரையளவில் நிற்பது செல்லாது என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அணுகல் விதிகளில் ஒன்றை நீக்கியது. அத்தீர்ப்பின் தருக்கம் தேர்தல் ஆவணங்களுக்கும் பொருந்துமெனில், 11ஆம் பிரிவின் இரண்டாம் பாதியை வெறும் அறிவுரையால் நிறைவேற்றியதாகக் கருத முடியாது.

வாசிப்பவரும் அழுத்துபவரும்

கொள்கை அறிவு இல்லாமலே சாதாரண வாக்காளர் நல்ல முடிவெடுக்கிறார்; தலைவர், கூட்டணி, சின்னம், உள்ளூர்ப் பெயர் போன்ற குறிப்புகளே அவருக்குப் போதும் என்பது இக்கட்டுரையின் வாதத்துக்கு அரசியல் அறிவியலில் எழும் வலுவான மறுப்பு. ஒரு வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு மிகச் சிறிது என்பதால், தகவல் தேடிச் செலவிடாதிருப்பதே பகுத்தறிவுக்கு உகந்தது என்று 1957இல் ஆந்தனி டௌன்ஸ் வகுத்த கோட்பாடும் இதையொட்டியது. இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது; கொள்கை அட்டவணை படித்தவர்தாம் வாக்களிக்கத் தகுதியுடையவர் என்ற முடிவுக்கு இட்டுச்செல்லும் எந்த வாதமும், அரசமைப்பின் 326ஆம் உறுப்பு தரும் பொது வாக்குரிமைக்கு எதிரானது.

எனினும் குறிப்புகளால் முடிவெடுக்கும் முறை, அக்குறிப்புகள் பல திசைகளிலிருந்து வரும்போதே சரியாகச் செயல்படுகிறது. தேநீர்க் கடை, பேருந்து, வேலையிடம், தெருமுனைக் கூட்டம், நாளிதழ் என்று ஒன்றையொன்று திருத்தும் பல குரல்களைக் கேட்பவர், அவற்றுள் எது சார்புடையது என்பதைக் காலப்போக்கில் கணித்துவிடுகிறார். வீட்டை விட்டு அடிக்கடி வெளியேற இயலாத பெண்ணுக்கு அரசியல் செய்தி பெரும்பாலும் ஒரே வாயில் வழியே வருகிறது. தந்தை, கணவர், சகோதரர், மகன் ஆகியோருள் ஒருவரே அவருக்குச் செய்தியாளரும் உரையாசிரியரும் ஆகிறார். தகவல் தேடும் செலவு மிகுதி என்ற டௌன்சின் கணக்கை இங்கே பொருத்தினால், அச்செலவை அவர் தாமே விரும்பித் தவிர்க்கவில்லை என்பதும், சூழல் அதை அவருக்கு மட்டும் உயர்த்தி வைத்திருக்கிறது என்பதும் விளங்கும்.

இந்நிலையைத் தேர்தல் நடத்தை விதிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1961ஆம் ஆண்டு விதிகளின் 49-என் விதி, பார்வையின்மையாலோ உடல் நலிவாலோ சின்னத்தை இனங்காணவோ பொத்தானை அழுத்தவோ இயலாத வாக்காளர், 18 வயது நிறைந்த துணைவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல இடமளிக்கிறது. துணைவர் இரகசியம் காப்பதாக உறுதிமொழி தர வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு மேற்பட்டோருக்குத் துணைவராக முடியாது. மொத்தமாக வாக்குகளைக் கைப்பற்றுவதைத் தடுக்கும் இந்த ஏற்பாடு, வெளியாரிடமிருந்து இரகசியத்தைக் காக்கிறது, வீட்டாரிடமிருந்து காப்பதில்லை. அறிக்கையைப் படித்துச் சொன்னவரும் பொத்தானை அழுத்தியவரும் ஒருவரே ஆகும்போது, கருத்து உருவாகும் கட்டமும் வாக்கு பதிவாகும் கட்டமும் ஒரே கைக்குள் அடங்கிவிடுகின்றன. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுடையோர் 12-டி படிவத்தின் வழியே வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி, 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்து பெரும் உதவியாக அமைந்தது; ஆயினும் தேர்தல் அலுவலர்கள் வீட்டுக்கு வரும் அந்த ஏற்பாட்டிலும் வாக்காளர் குடும்பச் சூழலை விட்டு வெளியேறுவதில்லை என்பதை மறக்கலாகாது.

குடும்பத்தினர் யாவரும் வாக்கைப் பறிப்பவர் என்பது இதன் பொருளன்று. பெரும்பாலான குடும்பங்களில் அவ்வுதவி அன்பினால் அமைவது. ஆனால் உரிமை என்பது உதவுபவரின் நற்குணத்தைச் சார்ந்து நிற்கக்கூடாது; வாக்குச்சாவடியில் துணைவரின் தேவை நீடித்தாலும், முடிவெடுக்கும் கட்டத்திலாவது இரண்டாவது வாயில் ஒன்று திறந்திருக்க வேண்டும்.

ஒப்பிட வேண்டியவை எவை

மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு உதவுவதாக எண்ணி, அறிக்கையின் ‘மாற்றுத்திறனாளிகள் நலம்’ என்ற பகுதியை மட்டும் படித்துக் காட்டுவது வழக்கமான பிழை. அப்பகுதி பெரும்பாலும் உபகரணம், ஓய்வூதியம், வேலைவாய்ப்பு என்ற வட்டத்துக்குள் அமைகிறது. ‘மகளிர் நலம்’ என்ற பகுதியோ உடலால் தடையற்ற பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே, அணுகத்தக்க மகப்பேறு மருத்துவம், வன்முறை வழக்குகளில் சைகைமொழி பெயர்ப்பாளர், பராமரிப்பவர் இறந்தபின் வாழ்விடம் போன்ற பொருள்கள் விடுபட்டுப் போகின்றன. விடுபட்டவற்றையும் காட்டுவதே ஒப்பீட்டின் பயன்.

ஓய்வூதியம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு, 80 விழுக்காட்டுக் குறைபாடுடைய வறியவர்க்கு மாதம் 300 ரூபாய். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயாக உயர்ந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் 2024 தேர்தல் வாக்குறுதியைத் தொடர்ந்து அது 6,000 ரூபாயாயிற்று. இம்மூன்று எண்களையும் ஒருங்கே கேட்ட வாக்காளர் இரண்டு உண்மைகளை உணர்கிறார்: தேர்தல் அறிக்கை ஓய்வூதியத்தை உண்மையிலேயே மாற்றக்கூடியது, மக்களவைத் தேர்தலில் கேட்க வேண்டியது அந்த 300 ரூபாயைப் பற்றி, சட்டமன்றத் தேர்தலில் கேட்க வேண்டியது மாநிலத்தின் பங்கைப் பற்றி. எந்த வாக்குறுதி எந்த அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதைக் காட்டாத ஒப்பீடு, கட்சிகளின் பெருமொழிகளையே மீண்டும் ஒலிக்கச் செய்வதாகும்.

பேருந்துப் பயணம் இன்னொன்று. 2021 தேர்தலில் தி.மு.க. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணத்தை அறிவித்தது, அ.தி.மு.க. பாதிக் கட்டணச் சலுகையை அறிவித்தது. தி.மு.க. ஆட்சிக்கு வந்தபின் நடைமுறைக்கு வந்த கட்டணமில்லாப் பயணத் திட்டம், அதே ஆண்டிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்வோருக்கும் விரிவாயிற்று. செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கோ குற்றாலத்துக்கோ செல்லும் பெண்ணுக்குக் கட்டணம் ஒரு தடை. பேருந்தின் உயரமான படிக்கட்டு இன்னொரு தடை. தாழ்தளப் பேருந்துகளை வாங்குவது குறித்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்ததை நினைத்தால், பின்னதே தீர்வதற்கு அரியது என்பது தெரியும். கட்டணத்தில் கட்சிகள் வேறுபட்டன; படிக்கட்டைப் பற்றி ஒவ்வொரு கட்சியும் என்ன சொல்லியது, எங்கே மௌனம் காத்தது என்பதே சக்கர நாற்காலியில் செல்லும் பெண்ணுக்குரிய ஒப்பீடு.

பொதுவான வாக்குறுதி குறிப்பிட்ட ஒருவரை எப்படிச் சேர்கிறது என்பதும் கேள்வியே. இல்லத்தரசிகளுக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் என்று தி.மு.க.வும் 1,500 ரூபாய் என்று அ.தி.மு.க.வும் 2021இல் அறிவித்தன. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின் தகுதி விதிகள், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுவோரைக் கொண்ட குடும்பங்களைத் தொடக்கத்தில் விலக்கின. கடும் குறைபாடுடையோர் பராமரிப்பு உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு அவ்விலக்கிலிருந்து விதிவிலக்கு தந்தன. பின்னர் முதியோர் ஓய்வூதியக் குடும்பங்களுக்கும் தளர்வு வந்தது. ஏற்கெனவே ஓய்வூதியம் பெறும் பெண்ணுக்குப் புதிய தொகை கூடுதலாகக் கிடைக்குமா, பழையதற்கு மாற்றாகுமா என்று வாக்களிக்கும் முன்பே கேட்கப்பட்டிருந்தால், கட்சிகள் அதற்கு விடை தரும் கட்டாயத்துக்கு உள்ளாகியிருக்கும்.

மாற்றுத்திறன் என்ற சொல்லே இல்லாத பகுதிகளிலும் அப்பெண்ணின் நலன் அடங்கியிருக்கிறது. தென்காசி மாவட்டத்தில் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் பெண்கள் மிகுதி. அமர்ந்த நிலையில் செய்யத்தக்க அவ்வேலை, கால் இயக்கம் குறைந்த பெண்ணுக்கும் வருவாய் தரக்கூடியது. 1976இல் சட்டத்தால் அமைந்த பீடித் தொழிலாளர் நல நிதிக்கு வருவாய் தந்த தீர்வை, 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது நீங்கியது. அந்நிதியின் மருத்துவ, கல்வி உதவிகள் இனி எதைக் கொண்டு நடக்கும் என்பது ஒன்றிய அரசைச் சார்ந்த கேள்வி. அதை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டுமா என்பதை அத்தொழிலில் இருக்கும் பெண்களே தீர்மானிக்க வேண்டும்.

வடிவமும் ஒரு கொள்கையே

கட்சிகளின் அறிக்கைகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன என்பது அணுகல் ஆகாது. அச்சுக்காக வடிவமைத்த கோப்புகள் பல, ஒருங்குறி அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்களிலோ படமாக வருடிய பக்கங்களாகவோ அமைகின்றன. இவற்றைத் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருள், பொருளற்ற எழுத்துக் கோவையாக ஒலிக்கிறது அல்லது ஒன்றுமே ஒலிப்பதில்லை. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டதால், இதைச் சரிசெய்யத் தொழில்நுட்பத் தடையோ பெருஞ்செலவோ இல்லை.

செவித்திறன் குறைந்த பெண்களின் தேவை வேறு. பிறவியிலேயே கேட்காதவர் பலருக்குச் சைகைமொழி முதன்மொழி. எழுத்துத் தமிழ் பின்னர்க் கற்ற மொழி. நீண்ட தொடர்களால் ஆன அறிக்கையை அவர்முன் வைப்பதால் பயனில்லை. சைகைமொழிக் காணொளி தேவை. அறிவுத்திறன் குறைபாடுடையோருக்கு ஒரு வரியில் ஒரு கருத்து, அருகில் விளக்கப்படம் என்ற எளிய நடை உதவும். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் கட்சிகள் இத்தகைய எளிய நடை அறிக்கைகளை வெளியிட்டு வருகின்றன. அறிவுத்திறன் குறைந்தவருக்கு வாக்குரிமையே இல்லை என்ற பரவலான எண்ணமும் திருத்தத்துக்குரியது: 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, தகுதியுடைய நீதிமன்றம் ஒன்று மனநிலை பிறழ்ந்தவர் என்று அறிவித்தாலன்றி எவரையும் அக்காரணத்தால் பட்டியலிலிருந்து நீக்க முடியாது. மருத்துவச் சான்றோ குடும்பத்தாரின் கருத்தோ அதற்குப் போதாது.

நடுநிலை என்னும் சிக்கல்

ஒப்பீட்டைத் தயாரிப்பவர் நடுநிலையுடன் இருப்பார் என்பதற்கு என்ன உறுதி என்ற கேள்வி நியாயமானது. சுருக்குவதே ஒரு தேர்வு. எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதிலேயே சார்பு நுழையலாம். வெளிநாட்டு அனுபவம் இங்கே பாடம் தருகிறது. நெதர்லாந்தில் 1989இல் தொடங்கிய வாக்கு வழிகாட்டியும், அதைப் பின்பற்றி ஜெர்மனியின் அரசியல் கல்விக்கான கூட்டாட்சி நிறுவனம் 2002 முதல் நடத்தும் வால்-ஓ-மாட் என்னும் கருவியும், பயனர் சில கூற்றுகளுக்கு உடன்பாடோ மறுப்போ சொல்ல, அவரோடு எந்தக் கட்சி எத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறது என்று காட்டுகின்றன. 2019இல் அக்கருவி ஒரே வேளையில் எட்டுக் கட்சிகளை மட்டும் ஒப்பிட அனுமதித்தது சிறிய கட்சிகளின் சமவாய்ப்பைப் பாதிக்கிறது என்று கொலோன் நிர்வாக நீதிமன்றம் தடை விதித்தது. திரையில் எத்தனை பெயர் தெரிகிறது என்ற வடிவமைப்பு முடிவே அரசியல் முடிவாகிவிடும் என்பதை அவ்வழக்கு காட்டியது.

செங்கோட்டை போன்ற இடத்தில் விழுக்காட்டு மதிப்பெண் வேறொரு காரணத்தாலும் பொருந்தாது. ஓய்வூதியத் தொகைக்கும் சைகைமொழி பெயர்ப்பாளருக்கும் ஒரே எடை கொடுத்துக் கூட்டிய எண், பெண் தானே செய்ய வேண்டிய எடைபோடலை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது; குடும்பத்தாரின் சொல்லுக்குப் பதிலாகக் கருவியின் சொல்லை அவர் ஏற்பதாகவே அது முடியும். ஆகவே ஒப்பீடு விடை சொல்லாமல், விடைக்கு வேண்டிய பொருளைத் தருவதோடு நிற்க வேண்டும்.

தொண்டு நிறுவனங்களின் தயக்கம் மற்றொரு தடை. தென்காசி அருகேயுள்ள ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கம், மாற்றுத்திறனாளிகளே தலைமையேற்று நடத்தும் நிறுவனமாகக் கிராம அளவிலான மறுவாழ்வுப் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டு வருகிறது. தண்டுவடக் காயத்தால் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த அந்நிறுவனருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இத்தகைய நம்பிக்கையும் வீடுதோறும் தொடர்பும் பெற்ற அமைப்புகள் இப்பணிக்கு இயல்பாகப் பொருந்துபவை என்றாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் அரசியல் தன்மையுள்ள அமைப்புகளுக்கு விதிக்கும் தடையை எண்ணி இந்தியத் தொண்டு நிறுவனங்கள் பொதுவாகவே தேர்தலைத் தொடத் தயங்குகின்றன. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கட்சி அரசியல் நோக்கமின்றி மக்கள் நலனுக்காக முறையான வழியில் குரல் கொடுக்கும் அமைப்பை அத்தடை கட்டுப்படுத்தாது என்று விளக்கியது. எல்லாக் கட்சிகளையும் ஒரே அளவுகோலில் நிறுத்தும் ஒப்பீடு அவ்விளக்கத்துக்குள் அடங்கும் என்று வாதிடலாம். ஆயினும் அத்தயக்கம் முழுதும் நீங்கத் தேர்தல் ஆணையமே ஒரு வழிகாட்டு நெறியை வெளியிடுவது நல்லது.

செங்கோட்டை வட்டாரத்துக்கான ஒப்பீட்டு முறை

மேற்கண்ட வாதங்களிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு முறை திரண்டு வருகிறது. முதலில், கேள்விகள் பெண்களிடமிருந்து வர வேண்டும்: மாற்றுத்திறனாளிகளின் சுய உதவிக் குழுக்கள், பீடி சுற்றும் பெண்கள், கல்லூரி மாணவியர் ஆகியோர் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே கூடி, பத்துக்கு மிகாத கேள்விகளைத் தேர்ந்துகொள்ளலாம். அக்கேள்விகள் எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே நாளில் எழுத்துவழி அனுப்பப்பட வேண்டும். அடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் அறிக்கையில் உள்ள சொற்கள் பக்க எண்ணோடு அப்படியே எடுக்கப்பட்டு, தொகையோ காலவரையோ உள்ள உறுதி, பொதுப்படையான நோக்கம், எதிர்ப்பு, மௌனம் என நான்கு வகையில் குறிக்கப்பட வேண்டும். மௌனத்தை மௌனமாகவே பதிவு செய்வது இம்முறையின் உயிர்நாடி. தயாரிப்பவர் கட்சியின் சார்பில் ஊகித்து நிரப்பினால் நடுநிலை அங்கேயே முறிந்துவிடும்.

மூன்றாவதாக, அப்பொருள் ஒன்றிய அரசு, மாநில அரசு, நகராட்சி ஆகியவற்றுள் எதன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதும், அக்கட்சி ஆட்சியில் இருந்திருப்பின் அப்பொருளில் செய்தது என்ன என்பதும் ஒவ்வொரு வரியிலும் இடம்பெற வேண்டும். கட்சிகளின் வரிசை, சட்டப்படி இயந்திரத்தில் வேட்பாளர் பெயர்கள் அமையும் அதே வரிசையாகவும், ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகுதியில் அந்த அணி பயன்படுத்தும் சின்னமும் இருந்தால், ஏணியா சூரியனா என்ற குழப்பமும் தீரும். வரிசையைப் பற்றிய குற்றச்சாட்டுக்கும் இடமிராது. அட்டவணையை வெளியிடுமுன் கட்சிகளின் உள்ளூர்ப் பொறுப்பாளர்களிடம் காட்டி, மேற்கோளில் பிழையிருப்பின் திருத்த வாய்ப்பளிக்க வேண்டும்.

நான்காவதாக, குரல்பதிவு, பெரிய எழுத்து, பிரெய்ல், படங்களுடன் எளிய நடை, சைகைமொழிக் காணொளி ஆகிய வடிவங்களில் அதைத் தர வேண்டும். இவற்றுள் குரல்பதிவு முதன்மையானது. சாதாரணக் கைபேசியில் அழைத்துக் கேட்கும் ஏற்பாடு இருந்தால், எழுத்தறியாத பெண்ணும் பிறர் துணையின்றித் தனிமையில், வேண்டியபோது, வேண்டிய தடவை கேட்கலாம். நேரில் வாசித்துக் காட்டும்போது வாசிப்பவர் குடும்பத்தினராக இல்லாமல் பயிற்சி பெற்ற பெண்ணாக இருப்பதும், எவருக்கு வாக்களிக்கப் போகிறீர்கள் என்று அவர் கேளாதிருப்பதும் கட்டாயம். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு விதிக்கும் கட்டுப்பாட்டை மதித்து, இப்பணி அதற்கு முன்னரே நிறைவடைய வேண்டும்.

இம்முறையில் அரசுக்கும் ஆணையத்துக்கும் உரிய பங்கு வேறு. அறிக்கைகளைச் சுருக்கும் பொறுப்பை ஆணையம் ஏற்கலாகாது; ஏற்றால் ஆட்சியிலுள்ள கட்சியின் நிழல் அதன்மேல் விழும். ஆனால் ஏற்பளிக்கப்பட்ட கட்சி ஒவ்வொன்றும் தன் அறிக்கையை ஒருங்குறிக் கோப்பாகவும் குரல்பதிவாகவும் எளிய நடைச் சுருக்கமாகவும் வெளியிட வேண்டும் என்று மாதிரி நடத்தை விதிகளின் அறிக்கைப் பகுதியில் ஒரு விதியைச் சேர்ப்பது, 11ஆம் பிரிவின்கீழ் அதற்குள்ள கடமையே ஆகும்.

முடிவுரை

2025இல் தமிழ்நாடு சட்டமன்றம், நகர்ப்புற, ஊரக உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கச் சட்டங்களைத் திருத்தியது. கிராம ஊராட்சிகளில் மட்டும் ஏறத்தாழ 12,900 பேருக்கும், நகர்ப்புற அமைப்புகளில் சுமார் 650 பேருக்கும் இடமளிக்கும் இந்நடவடிக்கை வரலாற்றுச் சிறப்புடையது. எனினும் நியமனம் பெறுவோர் சிலரே. வாக்குரிமை உடையோர் இலட்சக்கணக்கானோர். நியமன உறுப்பினர் அவையில் எழுப்பும் கோரிக்கைக்கு வலிமை வருவது, அக்கோரிக்கையை ஒப்பிட்டுப் பார்த்து வாக்களிக்கும் பெண்கள் தொகுதியில் இருக்கிறார்கள் என்று கட்சிகள் உணரும்போதுதான்.

மாற்றுத்திறனாளிப் பெண் வாக்குச்சாவடிக்கு வருவதற்கான தடைகள் பல நீங்கியுள்ளன; அவர் எந்த அறிவோடு வருகிறார் என்பதில் தேர்தல் அமைப்பு இன்னும் பொறுப்பேற்கவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை ஏற்கெனவே அதன்மீது சுமத்திவிட்டது. அணுகத்தக்க வடிவில் அறிக்கை வெளியிடுவதைக் கட்டாயமாக்கும் ஒற்றை விதியை ஆணையம் அடுத்த தேர்தலுக்கு முன் கொண்டுவர வேண்டும். கடையநல்லூர் போன்ற ஒரு தொகுதியிலேனும் பெண்களின் கேள்விகளைக் கொண்ட ஒப்பீட்டு அட்டவணையைப் பொது அமைப்புகளும் கல்லூரிகளும் இணைந்து உருவாக்கிப் பார்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.